வினிபெக்கில் பிரெஞ்சுப் பேட்டை: நடந்தே பார்ப்பது எப்படி?

கனடாவில் பிரெஞ்சு என்றால் மான்ட்ரியல், கியூபெக் என்றுதான் நினைத்திருந்தேன். வேறு வேலையாக வினிபெக் போனபோது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சேன் போனிஃபாஸ் என்ற பிரெஞ்சுப் பேட்டை இருப்பதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1972 வரை அது தனி நகரம்.

படி 1: தி ஃபோர்க்ஸ் சந்தையிலிருந்து கிளம்புங்கள். கார் வேண்டாம். ரெட் ஆற்றின்மேல் ஒட்டினாற்போல் இரண்டு பாலங்கள்; வெள்ளைக் கம்பிகள் இழுத்துக் கட்டிய எஸ்பிளனாட் ரியேல்தான் நடப்பவர்களுக்கு.

படி 2: இறங்கியதும் வலப்பக்கம், ஆற்றோரமாகவே போனால் கதீட்ரல்.

படி 3: இங்கேதான் நான் கோட்டை விட்டேன். பிரம்மாண்டமான கல் முகப்பு, நடுவில் பெரிய வட்ட சன்னல். கண்ணாடி இல்லை, ஓட்டை வழியே வானம் தெரிகிறது. சரி, பாழடைந்த கோயில் என்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். "உள்ளே போகலையா?" என்று விடுதியில் கேட்ட பிறகு மறுநாள் மறுபடி நடை. 1908இல் கட்டிய கோயில் 1968இல் தீயில் போனது. மிஞ்சிய சுவர்களுக்குள்ளேயே எத்தியென் கபூரி என்ற கட்டடக்கலைஞர் சின்னதாக ஒரு புதுக் கோயில் எழுப்பினார். ஆகவே முகப்போடு நிற்காதீர்கள். அதைத் தாண்டி, கூரையில்லாத முற்றத்தைக் கடந்தால் கதவு வரும்.

முன்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில் லூயி ரியேலைத் தேடுங்கள். பூர்வகுடிகளும் ஐரோப்பியர்களும் கலந்த வழியில் வந்த மெட்டி மக்களின் தலைவர். 1870இல் மனிடோபா மாகாணம் பிறக்கக் காரணமானவர். தேசத்துரோகி என்று 1885இல் தூக்கிலிட்டார்கள். நீங்கள் நடந்து வந்த பாலத்துக்கு இன்று அவர் பெயர்!

படி 4: பக்கத்திலேயே அருங்காட்சியகம். கன்னியர்களுக்காக ஓக் மரத்தில் கட்டிய பழைய மடம் அது.

படி 5: அப்புறம் புரோவான்ஷே சாலைக் கடைகள். முதலில் "பொன்ஜூர்" சொல்லுங்கள். "ஹலோ" என்றால் பேச்சு ஆங்கிலத்திலேயே ஓடிவிடும். மொழிபெயர்ப்பு ஆப்பை முகத்துக்கு நேரே நீட்டுவது எனக்குப் பிடிக்காது. துண்டுச் சீட்டில் ஐந்து சொல் போதும். நான் "தூ குவாசோன்" (இரண்டு குரோசான் ரொட்டி) என்று திக்கி முடிக்கும்வரை பேக்கரி அம்மா இடுக்கியோடு பொறுமையாக நின்றார்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு பிப்ரவரியில் போன ஒருவருக்குக் குளிரில் போன் அணைந்துவிட்டதாம். போனைச் சட்டையின் உள்பையில் வையுங்கள், காகித வரைபடமும் இருக்கட்டும். அதற்காக அந்த மாதத்தைத் தவிர்க்க வேண்டாம். வொயாஜர் திருவிழா அப்போதுதான். சூடான மேப்பிள் பாகை வெண்பனிமேல் ஊற்றி, குச்சியில் சுருட்டித் தின்னலாம். கையுறையைக் கழற்றிவிடுங்கள், ஒட்டினால் லேசில் போகாது.