சிறையில் கோபக் கட்டுப்பாட்டுப் பயிற்சி: குழு நடத்துபவர்களுக்கு

ஆள் தேர்வில் அவசரம் வேண்டாம். அடிதடி வழக்கில் வந்தவர்கள் எல்லோரையும் ஒரே குழுவில் உட்காரவைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. பணத்துக்காகத் திட்டம் போட்டு அடித்தவருக்குக் கோபம் பிரச்சினையே இல்லை; அவருக்கு வேறு பயிற்சி வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாக ஒரு மணி நேரமாவது சந்தியுங்கள். ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேட்டைப் படித்துவிட்டு, கடைசி இரண்டு மூன்று சண்டைகளை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: முதல் வார்த்தை யாருடையது, உடம்பில் என்ன தெரிந்தது, சண்டையால் ஏதாவது கிடைத்ததா?

வருடக்கணக்கில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒரே நாளில் வெடித்தவர்களும் இருப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வின் மெகார்ஜி 1966-லேயே இந்த வகையை எடுத்துக்காட்டினார். இவர்களிடம் ‘பொறுத்துப் போ’ என்று சொல்வது ஆபத்து. மனக்குறை சின்னதாக இருக்கும்போதே அதை வாய்விட்டுச் சொல்லப் பழக்க வேண்டும்.

ஒரு குழுவுக்கு 8 முதல் 10 பேர், நடத்த இருவர். ஒருவர் பேசும்போது மற்றவர் முகங்களைக் கவனிக்க வேண்டும். வாரம் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆஸ்திரேலியச் சிறைகளில் நடந்த சுமார் 20 மணி நேரக் குறும்பயிற்சிகளை ஆராய்ந்தபோது மாற்றம் மிகக் குறைவாகவே தெரிந்தது. மாறத் தயாராக வந்தவர்களுக்கே ஓரளவு பலன் கிடைத்தது. பரோலுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று மட்டும் வருபவரிடம் முதலில் இரண்டு மூன்று முறை தனியாகப் பேசி, கோபத்தால் அவர் எதையெல்லாம் இழந்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

தற்கொலை எண்ணம், தப்பிக்கும் திட்டம், ஒருவரைத் தாக்கப்போவதாகச் சொல்வது ஆகியவற்றை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கோபக் கட்டுப்பாட்டுக்கு உளவியலாளர் ரேமண்ட் நோவாகோ 1975-ல் வகுத்த முறையில் மூன்று கட்டங்கள் உண்டு: கோபத்தைப் புரிந்துகொள்வது, திறன்களைக் கற்பது, தூண்டுதலுக்கு நடுவே அவற்றைப் பழகுவது. மூன்றாவதைச் சுருக்கிவிட்டால் முதல் இரண்டும் வெறும் வகுப்புப் பாடம்தான். மொத்த நேரத்தில் பாதியையாவது அதற்கு ஒதுக்குங்கள்.

பழகும் விதம் இது: குழுவில் இருவர் ஒரு காட்சியை நடிக்க வேண்டும். தொலைபேசி வரிசையில் ஒருவர் முன்னால் புகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் புகுபவர் எதுவும் பேசக் கூடாது. இரண்டாவதில் முறைக்கலாம். மூன்றாவதில் ‘என்னடா பாக்குற?’ என்று கேட்கலாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நிறுத்தி, ‘1 முதல் 10-க்குள் கோபம் எவ்வளவு? முதலில் இறுகியது தாடையா, கையா? மனசுக்குள் என்ன ஓடியது?’ என்று கேளுங்கள். ‘என்னை மட்டம் தட்டுகிறான்’ என்ற பதில் அடிக்கடி வரும். வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று குழுவே யோசிக்கட்டும். 7-ஐத் தாண்டினால் அடுத்த சுற்று வேண்டாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடவைத்து, எண் இறங்கிய பிறகு தொடருங்கள். நிஜத்தில் பகை உள்ள இருவரை எதிரெதிரே நிறுத்தவே கூடாது. நடிப்பு முடிந்ததும் இருவரையும் இடம் மாற்றி உட்காரவைத்து, சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

‘அங்கிருந்து விலகிப் போய்விடு’ என்ற அறிவுரை சிறையில் அப்படியே எடுபடாது. காவலர் பேசும்போது நகர்ந்தால் கீழ்ப்படியாமை. சக சிறைவாசியிடமிருந்து நகர்ந்தால் பயந்தாங்கொள்ளிப் பட்டம். அதனால் ‘சார், ரெண்டு நிமிஷம் கழிச்சு பேசறேன்’ போன்ற ஒரு வாக்கியத்தைப் பிளாக் காவலர்களுடன் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்ளவையுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இதைக் கற்றுக்கொடுத்தால், பயன்படுத்துகிற முதல் நாளே தண்டனை கிடைக்கும். அதன் பிறகு அவர் குழுவை நம்பமாட்டார்.

தலையணையைக் குத்திக் கோபத்தை இறக்கும் பழக்கத்தைச் சேர்க்காதீர்கள். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடவே செய்தது.

எப்போது, எவ்வளவு கோபம் வந்தது என்று எழுதும் கோபக் குறிப்பேட்டைச் சிறை அறையில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டாம். அடுத்தவர் படித்தால் அதுவே அடுத்த சண்டைக்குக் காரணமாகிவிடும். எழுதத் தெரியாதவர் எண்ணை மட்டும் நினைவில் வைத்து, அமர்வில் சொன்னால் போதும்.

கேள்வித்தாளில் எல்லோரும் திருந்தியவர்களாகத்தான் தெரிவார்கள். அதைவிட, பயிற்சிக்கு முந்தைய மூன்று மாதங்களின் ஒழுங்குப் புகார்களையும் பிந்தைய மூன்று மாதங்களின் புகார்களையும் ஒப்பிடுங்கள். பிறகு மாதம் ஒரு தொடர் அமர்வு வையுங்கள். விடுதலை நெருங்கும்போது ஒத்திகைக் காட்சிகளை மாற்ற வேண்டும்: குடித்துவிட்டு வரும் பழைய நண்பர், குழந்தையைப் பார்க்க விடாத குடும்பம், வழக்கைச் சொல்லி வேலை மறுக்கும் முதலாளி.