ஆறு முதல் எட்டு வரை: வகுப்புக்கு விதி போடுவது எப்படி?

‘ஒற்றுமையே பலம்’ என்று சுவரில் பெயிண்டால் எழுதி வைத்தால் ஆறாம் வகுப்புப் பையன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பக்கத்தில் யார் உட்காருவார், சத்துணவு வரிசையில் யார் முந்துவார், கபடிக்கு யாரைக் கடைசியில் எடுப்பார்கள், இதுதான் அவன் கவலை. அதனால் விதியைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயத்துக்குப் போடுங்கள். ‘மரியாதையாக நடப்போம்’ என்பதை யார் மீறினார் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘யாரிடமும் எந்தத் தெரு என்று கேட்க மாட்டோம்’ என்பதை ஒருவன் மீறினால் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்தத் தெருக் கேள்வியின் அர்த்தம் திருநெல்வேலிப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியிலிருந்து வந்து சேரும் பிள்ளையிடம் முதல் இடைவேளையிலேயே, “ஏலே, நீ மேலத்தெருவா கீழத்தெருவா?” என்று கேட்டுவிடுவார்கள். சாதி என்ற வார்த்தையே வராது, பதில் மட்டும் கிடைத்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் தடுக்கப்போன அவன் தங்கையையும் சாதிப் பகையில் பள்ளியில் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அந்த மாதிரி விஷயம் பிளஸ் டூவில் தொடங்குவதில்லை.

அதற்குப் பிறகு பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அகர வரிசை நல்ல யோசனைதான், ஆனால் அப்படியே விட்டால் வருஷம் முழுக்க அதே பக்கத்து ஆள். நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெஞ்ச் தள்ளி, ஓர் ஆள் மாற்றி உட்கார வைக்கிறேன். காது கேட்கும் கருவி போட்ட பிள்ளைக்கும் பார்வை குறைந்த பிள்ளைக்கும் முன் பெஞ்ச் நிரந்தரம், இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ‘சாருக்கு வேண்டியவன்’ என்று பேச்சு வரும்.

கயிறு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஊர்க் கோயில் கொடை முடிந்த மறுநாள் பாதிப் பேர் கையில் கயிறு இருக்கும், அதில் சாமிக்குக் கட்டியது எது, மற்றது எது என்று வகுப்பில் நின்று விசாரிக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே விதி. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போகாமல், சாயங்காலம் அப்பா அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அவர்கள் வாயால் வந்தால் ஊரில் எடுபடும்.

விளையாட்டில் இரண்டு கேப்டன்கள் ஆள் பொறுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் போதும்.

சண்டை வந்தால் உடனே கைகுலுக்க வைக்காதீர்கள். நான் ஒருமுறை எல்லோர் முன்னாலும் இருவரைக் கைகொடுக்கச் சொன்னேன், இருவரும் சிரித்தபடி கொடுத்தார்கள், நானும் நம்பினேன். மிச்சத்தை பஸ் ஸ்டாப்பில் வைத்துக்கொண்டார்கள். இப்போது தனித்தனியாக உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன், பேச்சுவார்த்தை மறுநாள்தான். பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தால் எல்லோர் பார்வையிலும் எவன் சீட்டுப் போடுவான்? தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வையுங்கள்.

அப்புறம், விதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும், ஐந்துக்கு மேல் வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்றை அடித்துவிட்டு ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். போன தடவை என் வகுப்பில் சேர்த்தது: ‘சாரும் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.’ ஒல்லியான ஒரு பையனை நான் ஜூனிலிருந்து முருங்கைக்காய் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.