கோச் கறாரா இருக்கணுமா, ஜாலியா இருக்கணுமா? புதுசா டீம் எடுக்குறவங்களுக்கு

போன மாசம் கோப்பிக்கடைல ஒரு தம்பி என்னைப் புடிச்சுக்கிட்டான், அண்ணே எங்க புளோக் பசங்க ஃபுட்பால் டீமுக்கு என்னைய கோச்சா நிக்கச் சொல்லிட்டாங்க, நான் கத்தணுமா சிரிக்கணுமா, எது பண்ணா ஜெயிக்கலாம்னு. பாலும் சீனியும் போடாத ஒரு தே ஓ கோசோங் டீயை முன்னால வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசினேன், அதைத்தான் இப்ப எழுதுறேன். நான் ஒண்ணும் பெரிய லைசென்ஸ் கோச் இல்ல, சிங்கப்பூர்ல ஈசூன் பக்கம் ஒரு ஸ்ட்ரீட் சாக்கர் கோர்ட்ல 6 வருஷமா சனிக்கிழமை காலைல 10, 12 வயசுப் பசங்களோட மல்லுக்கட்டுறவன், அவ்ளோதான்.

கறார்தான் ஜெயிக்கும்னு சொல்றவங்க உடனே ஃபெர்குசனைத் தூக்கிட்டு வருவாங்க. 1986லருந்து 2013 வரைக்கும் இங்கிலாந்துல மான்செஸ்டர் யுனைடெட் கோச், 13 லீக் பட்டம், அவரு மூஞ்சிக்கு நேரா திட்டுறதுக்கு ஹேர்ட்ரையர்னே பேரு, 2003ல ஆர்சனல்கிட்ட தோத்த கடுப்புல டிரெஸ்ஸிங் ரூம்ல கிடந்த பூட்ஸை எத்தி அது பெக்கம் புருவத்துல போய் பட்டுச்சு. சரி, அப்ப இத்தாலிக்கார கோச் அஞ்செலோட்டியை என்ன பண்றது? மனுஷன் புருவத்தைத் தூக்கினாலே அதுதான் கோபம், ஆனா கோச்சா ஐரோப்பாவோட பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் 5 தடவை, இங்கிலாந்து ஸ்பெயின் இத்தாலி ஜெர்மனி பிரான்ஸ் அஞ்சு லீக்லயும் பட்டம். அதே அஞ்செலோட்டியோட மிலான் டீம்தான் 2005 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல 3-0 முன்னால இருந்துட்டு லிவர்பூல்கிட்ட கோட்டை விட்டுச்சு. கறார் பக்கமும் இதே கதைதான், 2013ல டி கானியோ இங்கிலாந்து கிளப் சண்டர்லாண்டுக்கு கோச்சா வந்து கெச்சப் கூடாது மயோனைஸ் கூடாதுன்னு வரிசையா தடை போட்டாரு, அந்த செப்டம்பர்லயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அதனால எந்தப் பக்கம்னு கேக்காதீங்க, எதுல கறார் எதுல விட்டுக்கொடுக்கணும்னு கேளுங்க. என் கணக்கு இதுதான்: பந்து காலுக்கு வர்றதுக்கு முன்னால உள்ள எல்லாத்துலயும் கறார், பந்து காலுக்கு வந்ததுக்கு அப்புறம் ஜாலி. நம்மள்ல நிறைய பேரு இதைத் தலைகீழாத்தான் பண்றோம், லேட்டா வந்தா பரவால்லடா ஓடி வான்னுட்டு, பாஸ் தப்பா போனா தொண்டை கிழியக் கத்துறது.

முதல் நாளே 3 ரூல் சொல்லுங்க, அதுக்கு மேல வேணாம், பசங்களுக்கு ஞாபகம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. எங்களுது: 8 மணின்னா 8 மணி, தண்ணி பாட்டிலும் ஷூவும் அவனவன் பொறுப்பு, டீம்ல எவனையும் கிண்டல் பண்ணக்கூடாது. லேட்டா வந்தா தண்டனையா ரவுண்டு ஓட விடாதீங்க, ஆரம்பத்துல நானும் ஓட விட்டேன், நம்ம ஊரு வெயில்ல ஒருத்தன் 4 ரவுண்டு ஓடிட்டு சாக்கடை பக்கத்துல வாந்தி எடுத்தான், அன்னிக்கு அவங்க அம்மா முகத்தை என்னால நேரா பாக்க முடியல. அதுவுமில்லாம ஓடுறது தண்டனைன்னு பையன் மனசுல பதிஞ்சுட்டா மேட்ச்ல எதுக்கு ஓடுவான்? இப்ப லேட்டா வர்றவன் 10 நிமிஷம் என் பக்கத்துல உக்காந்து மத்தவங்க போடுற பாஸை எண்ணணும். சப்புன்னுதான் இருக்கும், ஆனா அவனுக்கு விளையாடணும்னு கை கால் துடிக்கும் பாருங்க.

ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், இங்கதான் நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். எங்க டீம்ல நல்லா கோல் போடுற பையன் ஒரு மேட்சுக்கு 20 நிமிஷம் லேட்டு, நான் மூச்சு விடாம உள்ள இறக்கிட்டேன், 4-1ன்னு ஜெயிச்சோம், ஒரே கொண்டாட்டம். அடுத்த சனிக்கிழமை 5 பேரு லேட்டு. அதுல ஒருத்தன் ரொம்ப மரியாதையா கேக்குறான், "கோச், நானும் 3 கோல் போட்டா லேட்டா வரலாமா?" ஃபெர்குசனே அவரோட ஸ்டார் பிளேயர் கான்டனாவுக்கு விட்டுக்கொடுக்கலயான்னு கேப்பீங்க. உண்மைதான், 1995ல ரசிகரை எட்டி உதைச்சு தடை வாங்கின ஆளை பாரிஸ் வரைக்கும் போய் சமாதானம் பண்ணி வச்சுக்கிட்டாரு. ஆனா அவருக்குப் பின்னால அத்தனை வருஷ மரியாதை இருந்துச்சு, நமக்கு ஒரு விசிலும் 8 கோனும்தான் இருக்கு.

ஆட்டத்துல தப்பு நடந்தா வாயை மூடுங்க. நம்பலன்னா ஒரு தடவை கத்திப் பாருங்க, அந்தப் பையன்கிட்ட அடுத்த 3 தடவை பந்து வரும்போது என்ன பண்றான்னு கவனிங்க. தலையைத் தூக்கியே பாக்க மாட்டான், கால்ல பட்டவுடனே எங்கயாவது ஓங்கி அடிச்சு விடுவான், பந்து தன்கிட்ட இல்லன்னா திட்டும் இல்லல்ல. எங்க கோல்கீப்பர் ஒருத்தன் கால் இடுக்குல விட்ட கோலுக்கு நான் கத்தின கத்துக்கு அதுக்கப்புறம் 2 மாசம் கோல் லைனை விட்டு வெளிய வரவே இல்ல.

ஹாஃப் டைம்ல முதல் 2 நிமிஷம் தண்ணி மட்டும். அப்புறம் ஒரே ஒரு விஷயம், அதையும் கேள்வியா கேளுங்க, "லெஃப்ட் சைடுல எவன் ஃப்ரீயா நிக்கிறான்?" பசங்களே சொல்லிடுவாங்க.

பரிசு சின்னதா வைங்க. லெஸ்டர் டீம் 2016ல இங்கிலாந்து லீக் ஜெயிச்ச சீசன்ல அவங்க கோச் ரனியேரி, கோல் வாங்காம ஒரு மேட்ச் முடிங்கடா பீட்சா வாங்கித் தரேன்னாரு, கிரிஸ்டல் பேலஸை 1-0ன்னு ஜெயிச்சதும் கூட்டிட்டுப் போனாரு, அதுவும் பீட்சாவை அவங்களையே செய்ய வச்சு. அதைப் பாத்து நான் பிராட்டா, அதான் நம்ம பரோட்டா, வாங்கித் தரேன்னு வாய் விட்டுட்டேன், 9 பசங்க 41 பிராட்டா, கடைக்கார அண்ணன் முகத்துல தான் சந்தோஷம்.

இடி மின்னல் எச்சரிக்கை வந்தா மட்டும் பேச்சுக்கே இடமில்ல, ஒரே ஒரு ஷாட் கோச்னு கெஞ்சினாலும் நேரா கூரைக்கு அடியில.

அப்பாமாரு சைடுல நின்னு "அடிடா, அடிடா"ன்னு கத்துவாங்க. சண்டை போடாதீங்க, ஒரு பேப்பர் பேனா குடுத்து அண்ணே நமக்கு எத்தனை கார்னர் கிடைக்குதுன்னு எழுதுங்கண்ணேன்னு சொல்லுங்க, வேலை வந்ததும் வாய் அடங்கிடும். பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி முடிக்கிற பரீட்சை வருஷத்துல டியூஷனுக்காக நிறுத்துற அம்மாங்ககிட்ட வாதாடாதீங்க, அக்கா மாசம் ஒரு தடவையாவது அனுப்புங்கன்னு சொன்னா போதும், பாதிப் பேரு அனுப்புவாங்க.

இன்னொண்ணு, பொறுமை. நம்ம சிங்கப்பூர் நேஷனல் டீமுக்கு கோச்சா அவ்ரமோவிச் 2003ல வந்து 2012 வரைக்கும் இருந்தாரு, 3 தடவை தென்கிழக்காசியக் கிண்ணம் அடிச்சாரு. நீங்க 3 வாரத்துல ஸ்டைலை மாத்தாதீங்க.

ரூல் உங்களுக்கும் உண்டு. ஒரு சனிக்கிழமை நான் பஸ்ஸை விட்டுட்டு 8:12க்கு போய் நின்னேன், பசங்க ஒருத்தனும் பேசல, அந்த கோல்கீப்பர் பய வாட்சைக் காட்டி பெஞ்சைக் காட்டினான். 10 நிமிஷம் உக்காந்து எண்ணினேன். 58ன்னேன், இல்ல கோச் 61, திரும்ப எண்ணுங்கன்னுட்டான்.