சொந்த மின்னஞ்சல் சர்வரில் ஸ்பேம் வடிகட்டியை அமைக்கும் முறை

ஸ்பேம் வடிகட்டியை நிறுவுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சந்தேகத்துக்குரிய மடலை என்ன செய்யப்போகிறோம்? பத்து ஸ்பேம் மடல்கள் உள்ளே வந்துவிட்டால் அவற்றை அழிக்கச் சில நொடிகள் போதும். உண்மையான ஒரு மடல் அனுப்பியவருக்கும் தெரியாமல் பெறுநருக்கும் தெரியாமல் காணாமற்போனால் அதை ஈடுசெய்ய வழியே இல்லை. ஆகவே ஐயத்துக்கு இடமில்லாத ஸ்பேமை, அனுப்பும் சர்வர் இணைப்பில் இருக்கும்போதே எஸ்எம்டிபி (சர்வர்கள் மடலைப் பரிமாறும் முறை) பிழையுடன் மறுத்துவிட வேண்டும். ஐயத்துக்குரியதை ஸ்பேம் கோப்புறையில் சேர்க்க வேண்டும். எதையும் ஓசையின்றி அழிக்கக் கூடாது. ஒரு மடலை ஏற்றுக்கொண்டுவிட்டுப் பிறகு திருப்பி அனுப்புவதும் தவறு. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலியானது என்பதால், திருப்பி அனுப்பிய மடல் தொடர்பே இல்லாத ஒருவரைப் போய்ச் சேரும். அந்தப் பழியும் உங்கள் ஐபி முகவரியின் மேல் விழும்.

இந்தக் கட்டுரை, மடல்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அவற்றைப் பயனரின் பெட்டியில் வைத்துத் தரும் டவ்காட் ஆகிய இரண்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வரில் ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பேம் வடிகட்டியைச் சேர்ப்பதைப் பற்றியது. முதல் வேலை ஆர்ஸ்பாம்டியை நிறுவுவது அன்று, டிஎன்எஸ்ஸை (டொமைன் பெயர்களுக்கு ஐபி முகவரி முதலான விடைகளைத் தரும் அமைப்பை) சரிசெய்வது. ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளைத் தொகுத்த தடைப்பட்டியல்கள் எல்லாம் டிஎன்எஸ் வழியாகத்தான் பதில் தருகின்றன. அவற்றுள் முதன்மையான ஸ்பாம்ஹவுஸ், பொது டிஎன்எஸ் சர்வர்களின் வழியாக வரும் கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தராமல், 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பித் தருகிறது. நான் முதன்முறை அமைத்தபோது, பட்டியலிலிருந்து எந்தப் பதில் வந்தாலும் மடலை மறுத்துவிடும்படி போஸ்ட்ஃபிக்ஸில் எழுதியிருந்தேன். அந்தப் பிழைக் குறியீடும் ஒரு பதில்தானே, அதனால் ஒரு நாள் முழுவதும் வந்த எல்லா மடல்களும் மறுக்கப்பட்டன. அனுப்பியவர்களுக்கு மறுப்புச் செய்தி போனதால்தான் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். எனவே அன்பவுண்ட் போன்ற ஒரு ரிசால்வரை (டிஎன்எஸ் விடைகளைத் தேடித் தரும் நிரலை) அதே சர்வரில் நிறுவி, அது கேள்விகளை வேறெங்கும் அனுப்பாமல் மூல டிஎன்எஸ் சர்வர்களிடமிருந்து தானே விடை தேடும்படி விட்டு, சர்வரின் டிஎன்எஸ் முகவரியை அந்தச் சர்வரையே குறிக்கும் 127.0.0.1 என்று மாற்றுங்கள். 127.0.0.2 என்பது சோதனைக்கென்றே பட்டியலில் வைக்கப்பட்டிருக்கும் முகவரி; அதைத் தலைகீழாக (2.0.0.127 என்று) எழுதி ஸ்பாம்ஹவுஸின் ஜென் பட்டியலில் கேட்டால் 127.0.0 என்று தொடங்கும் விடைகள் வர வேண்டும். 127.255.255 என்று தொடங்கும் விடை வந்தால், மேற்கொண்டு எதையும் செய்வதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது வாசற்காவல். போஸ்ட்ஃபிக்ஸுடன் வரும் போஸ்ட்ஸ்கிரீன், எஸ்எம்டிபி முறைப்படி வரவேற்பு வரி முழுமையாக வரும்வரை காத்திருக்காமல் முந்திக்கொண்டு பேசும் நிரல்களைப் பிடிக்கிறது. இயல்பாக இதற்கு 6 நொடிகள் எடுத்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தாலும் இயல்பமைப்பில் அது எதுவும் செய்யாது. நடவடிக்கையை என்ஃபோர்ஸ் என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும். இதைப் பிற சர்வர்கள் மடல் கொண்டுவரும் 25ஆம் போர்ட்டில் மட்டும் வையுங்கள். பயனர்கள் மடல் அனுப்பும் 587, 465 ஆகிய போர்ட்டுகளின் பக்கம் இது வரக் கூடாது. வரவேற்புக்குப் பிந்தைய ஆழமான சோதனைகளையும் இதில் இயக்கலாம் என்றாலும் நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் தேறிய சர்வரையும் போஸ்ட்ஸ்கிரீன் மீண்டும் வரச் சொல்லும், பெரிய நிறுவனங்களின் சர்வர்களோ ஒவ்வொரு முறையும் வேறு ஐபி முகவரியிலிருந்து வரக்கூடும் என்பதால் மடல் நெடுநேரம் தாமதமாகும்.

இப்போது ஆர்ஸ்பாம்டியையும் அது தரவைச் சேமிக்கும் ரெடிஸையும் நிறுவலாம். ஆர்ஸ்பாம்டி மில்டர் முறையில் (மடல் சர்வர் வெளி வடிகட்டியிடம் மடலைக் காட்டும் முறையில்) 11332ஆம் போர்ட்டில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் மில்டர் அமைப்பில் அந்த முகவரியைக் குறித்தால் இணைப்பு முடிந்தது. ஆர்ஸ்பாம்டி நின்றுபோனால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் அங்கேயே தீர்மானிக்க வேண்டும். வடிகட்டாமலே ஏற்றுக்கொள்ளும்படி வைப்பவர்கள் பலர் உண்டு. தற்காலிகப் பிழை தரும் இயல்பமைப்பையே நான் விட்டுவைக்கிறேன், ஏனெனில் ஒழுங்கான சர்வர்கள் மடலை வரிசையில் வைத்துப் பலமுறை முயலும், ஆர்ஸ்பாம்டி மீண்டும் எழுந்ததும் எல்லாம் வந்து சேரும். ஆர்ஸ்பாம்டியுடன் வந்த கோப்புகளைத் திருத்தாதீர்கள். உங்கள் மாற்றங்கள் அனைத்தும் லோக்கல்.டி அடைவில் இருக்கட்டும், அப்போதுதான் புதிய பதிப்பு வரும்போது அவை அழியாமலிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதன் அமைப்புச் சோதனைக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 11334ஆம் போர்ட்டிலுள்ள மேலாண்மைப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்துவிடாமல், எஸ்எஸ்எச் எனும் மறையாக்கிய இணைப்பு வழியாக மட்டும் அணுகுங்கள்.

ஆர்ஸ்பாம்டி ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு மதிப்பெண் தந்து அவற்றைக் கூட்டுகிறது. இயல்பாக, 4 மதிப்பெண்ணில் மடலைச் சற்று நேரம் தள்ளிவைக்கும், 6இல் ஸ்பேம் என்ற குறிப்பைத் தலைப்பகுதியில் சேர்க்கும், 15இல் மறுத்துவிடும். இந்த எல்லைகள் நன்கு யோசித்து வைக்கப்பட்டவை. ஒரு நல்ல மடல் 6ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக எல்லையை 8 ஆக்குவது எளிது, ஆனால் அது எல்லா மடல்களுக்கும் கதவைத் தளர்த்துகிறது. மேலாண்மைப் பக்கத்தின் வரலாற்றுப் பகுதியில் அந்த மடலைத் திறந்து, எந்த அறிகுறி அதற்கு அதிக மதிப்பெண் தந்தது என்று பார்த்து, அதன் எடையை மட்டும் குறையுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு இந்த வரலாற்றை நாள்தோறும் பார்ப்பதைவிடப் பயனுள்ள வேலை இந்த அமைப்பில் வேறொன்றும் இல்லை.

எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் மடல் அனுப்ப அனுமதிபெற்ற சர்வர்களின் பட்டியல்), டிகேஐஎம் (மடலில் டொமைன் இடும் கையொப்பம்), டிமார்க் (அவற்றில் ஒன்றாவது அனுப்புநர் முகவரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்ற சோதனை) ஆகிய மூன்றையும் அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. மடல் எந்த டொமைனிலிருந்து வந்தது என்பதை அவை உறுதிசெய்யுமே தவிர, அது நல்ல மடலா என்பதைச் சொல்வதில்லை. ஸ்பேம் அனுப்புபவர்களும் முறையாகக் கையொப்பமிடுகிறார்கள். மறுபுறம், ஒரு மடலை வேறு முகவரிக்குத் தானாக முன்னனுப்பினால் எஸ்பிஎஃப் தோற்கும்; மடற்குழு பொருள்வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தாலே டிகேஐஎம் கையொப்பம் உடைந்துவிடும். எனவே எஸ்பிஎஃப் தோல்வியை மட்டும் காரணம்காட்டி எதையும் மறுக்காதீர்கள். அனுமதிப் பட்டியல் எழுதும்போதும் இதையே நினைவில் வையுங்கள்: அனுப்புநர் முகவரியை மட்டும் வைத்து அனுமதித்தால் அதைப் போலியாக எழுதுபவர் எவரும் நுழைந்துவிடலாம், ஆகையால் டிகேஐஎம் அல்லது டிமார்க் தேறியிருந்தால் மட்டுமே அந்த டொமைனுக்குச் சலுகை என்று எழுதுங்கள்.

ஸ்பேம் குறிப்புள்ள மடல்களை ஸ்பேம் கோப்புறைக்கு நகர்த்தும் சீவ் (மடல்களைப் பிரித்து வைக்கும் விதிமொழி) விதியை, எல்லாப் பயனர்களுக்கும் முதலில் ஓடும்படி டவ்காட்டில் வைக்க வேண்டும். அதன்பின் கற்பித்தல். மடல்களின் சொற்களைக் கற்று ஸ்பேமை இனங்காணும் ஆர்ஸ்பாம்டியின் பேய்ஸ் வகைப்படுத்தி, ஸ்பேமிலும் நல்ல மடலிலும் தலா 200 கற்கும்வரை இயல்பாக வாய் திறக்காது. பயனர் ஒரு மடலை ஸ்பேம் கோப்புறைக்கு நகர்த்தினால் ஸ்பேம் என்றும், அங்கிருந்து வெளியே எடுத்தால் நல்லது என்றும் கற்கும்படி மடல் கோப்புறை மாறும்போது சீவ் விதியை ஓட்டும் டவ்காட்டின் ஐமேப்சீவ் வசதியால் அமைக்கலாம். இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று இருக்கிறது: ஸ்பேம் கோப்புறையிலிருந்து குப்பைத்தொட்டிக்குப் போவதும் வெளியே எடுப்பதுதான். அதற்கு விலக்கு எழுதாவிட்டால், பயனர் அழிக்கும் ஒவ்வொரு ஸ்பேமும் நல்ல மடல் என்று பதிவாகி, சில வாரங்களில் வகைப்படுத்தியின் அறிவு கெட்டுவிடும். தாங்களே பதிவுசெய்து பெற்ற செய்திமடல்களை அலுப்பில் ஸ்பேம் கோப்புறைக்குத் தள்ளும் பழக்கமும் அதே கேட்டைச் செய்யும் என்பதைப் பயனர்களிடம் சொல்லிவையுங்கள். தொடக்கத்தில் உங்கள் பழைய மடல்களிலிருந்தே நல்லவற்றைக் கற்பியுங்கள். பிறர் தொகுத்த மடல்களில் இருப்பது பிறருடைய சொற்கள்.

வெளியே போகும் மடல்களையும் ஆர்ஸ்பாம்டி பார்க்க வேண்டும். ஒரு பயனரின் கடவுச்சொல் திருடுபோனால் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான ஸ்பேம் உங்கள் முகவரியிலிருந்து கிளம்பிவிடும். பயனருக்கு இத்தனை என்று வேகவரம்பு வைத்தால் சேதம் சிறிதாக இருக்கும்.

கடைசியாக, வெளியிலுள்ள ஒரு கணக்கிலிருந்து வடிகட்டிகள் ஸ்பேம் என்றே கொள்ளும்படி வகுக்கப்பட்ட, ஜிடியூப் எனப்படும் 68 எழுத்துச் சோதனைத் தொடரை அனுப்பி, அது இணைப்பிலேயே மறுக்கப்படுகிறதா என்று பாருங்கள். சர்வர் நிர்வாகிக்கான போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு மட்டும் உள்ளடக்கச் சோதனையிலிருந்து விலக்கு அளித்து, அதை நாள்தோறும் படியுங்கள். தவறாக மறுக்கப்பட்ட ஒருவர் உங்களிடம் மடல் வழியாக முறையிட அந்த ஒரு வாசல்தான் இருக்கிறது.