லைன் வரவில்லையா? கணினியை அப்புறம் பார்க்கலாம்

"அக்கா, இன்டர்நெட் லைன் வரல. ஃபார்மட் பண்ணிக் கொடுங்கக்கா" என்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் ஃபோட்டோஸ்டேட் கடைக்கு வருகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் ஹேண்ட்போனுக்கு வைஃபை வருகிறதா? வருகிறது என்பார்கள். ஆனால் வைஃபையில் இணையம் போனதும் போன் சத்தம் காட்டாமல் டேட்டாவுக்கு மாறியிருக்கலாம். டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் கோளாறு கணினியில், இல்லையென்றால் அதற்குப் போகும் கேபிளில். திறக்காவிட்டால் கணினி பாவம், அதை விட்டுவிட்டு ரூட்டர் பக்கம் போங்கள்.

ஃபைபர் லைன் என்றால் பெரும்பாலும் இரண்டு பெட்டிகள் இருக்கும். மெல்லிய வயர் வந்து சேருவது மோடம், வைஃபை கொடுப்பது ரூட்டர். மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை. அலமாரிக்குப் பின்னால் வயர் மடங்கி நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. டேப் சுற்றி ஒட்டுப்போடுகிற சமாச்சாரம் இல்லை. லைன் கம்பெனிக்கு அழைத்ததும் "எல்ஓஎஸ் சிவப்பு" என்று சொல்லுங்கள், பாதிக் கேள்வி குறையும். சிவப்பு இல்லையென்றால் இரண்டு பெட்டிகளையும் அணைத்து, அரை நிமிடம் விட்டு, முதலில் மோடத்தைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலையாக நின்ற பிறகு ரூட்டர்.

இனி இடி. மத்தியானத்துக்கு மேல் மழை இறங்கும் நம்ம பக்கத்தில் இது தனிக்கதை. மறுநாள் காலையில் போன்களெல்லாம் வேலை செய்யும். கேபிள் போட்ட கணினிக்கு மட்டும் லைன் இருக்காது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாதுதான். ஆனால் இடியின் மின்சாரம் பெட்டிகளின் கரண்ட் அடாப்டர் வழியாகப் புகலாம், ரூட்டரிலிருந்து கணினிக்குப் போகும் லேன் கேபிள் செம்பு, அதில் பாயும். கணினியின் பின்னால் அந்தக் கேபிள் நுழையும் ஓட்டையைப் பாருங்கள். பக்கத்தில் பச்சையோ மஞ்சளோ ஒரு குட்டி விளக்கு மினுக்க வேண்டும். இருட்டாக இருந்தால் கேபிளைக் கழற்றி, 'டக்' என்று சத்தம் வரும்வரை திரும்பச் செருகுங்கள். முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் நிற்காது, நழுவிவிடும். வேறு கேபிள், ரூட்டரில் வேறு ஓட்டை, இரண்டையும் மாற்றிப் பார்த்தும் இருட்டு என்றால் கணினியின் லேன் போர்ட் போய்விட்டது என்றே வையுங்கள். அதற்காக மதர்போர்டை மாற்றச் சொன்னால் தலையாட்டாதீர்கள். யூஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர் ஒன்று போதும். அடுத்த முறை வானம் கறுத்தால் சுவிட்சை மட்டும் தட்டிவிட்டுப் போகாமல் பிளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

போர்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லையா? வைஃபையில் ஓடும் கணினி என்றால் முதலில் ஏரோபிளேன் மோட், அது வைஃபையை அணைத்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அப்புறம் கணினியின் தேதி. மின்சாரம் இல்லாமல் கிடந்த பழைய கணினியில் உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற காசு மாதிரிப் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி எங்கோ பின்னால் ஓடி நிற்கும். தேதி தப்பென்றால் வங்கிப் பக்கமும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பக்கமும் 'பாதுகாப்பில்லை' என்று மறுத்துவிடும். மலேசிய நேரத்துக்கு, அதாவது யூடிசி +8-க்கு, மாற்றுங்கள்.

அதுவும் சரியென்றால் செட்டிங்ஸில் வைஃபை ப்ராப்பர்டீஸைத் திறந்து ஐபிவி4 எண்ணை, அதாவது கணினியின் நெட்வொர்க் முகவரியை, பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. வைஃபையை 'ஃபர்கெட்' செய்து திரும்பச் சேருங்கள். எண் ஒழுங்காக இருந்தால் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கட்டளைத் திரையைத் திறந்து ping (பிங்) என்று தட்டி, இடைவெளி விட்டு 8.8.8.8 போடுங்கள். ரிப்ளை வந்தும் பக்கங்கள் திறக்காவிட்டால் பக்கத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ்ஸில் கோளாறாக இருக்கும். அந்த 8.8.8.8-ஐயே டிஎன்எஸ் ஆகப் போட்டுப் பாருங்கள்.

கணினியின் நெட்வொர்க் செட்டிங்ஸையெல்லாம் ஆரம்பநிலைக்குக் கொண்டுபோகும் நெட்வொர்க் ரீசெட் கடைசியில்தான். அது கணினியில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டையெல்லாம் அழித்துவிடும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முதலில் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருந்தால் அதையும் கேட்டு வைத்துக்கொண்டு பிறகு அழுத்துங்கள்.