பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, போகலாமா?

பாஸ்போர்ட் நவம்பரில்தான் முடிகிறது, ஜூன் மாதம் சிங்கப்பூர் போக என்ன தடை என்று கேட்பவர்கள் நிறையப் பேர். தடை இருக்கிறது. சிங்கப்பூருக்குள் நுழையும் நாளில் பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், துபாய், இலங்கை என்று நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகிற இடங்களில் பெரும்பாலும் இதே கணக்குதான். ஆகவே பாஸ்போர்ட்டில் அச்சடித்திருக்கும் முடிவுத் தேதியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அதிலிருந்து ஆறு மாதம் பின்னால் போய் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் பாஸ்போர்ட்டின் உண்மையான கடைசி நாள் கிட்டத்தட்ட அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2016 நவம்பர் 15 அன்று வாங்கிய பாஸ்போர்ட், 2026 நவம்பர் 14 வரை செல்லும். சிங்கப்பூருக்கு மே 14 வரை இதை வைத்துப் போகலாம். ஜூன் 2 அன்று போனால் ஐந்து மாதமும் சில நாட்களும்தான் மிச்சம், அதனால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

ஆமாம், விமானத்திலேயே. சாங்கி போய் இறங்கி அங்கே அதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பார்க்கலாம் என்ற வாய்ப்பே கிடையாது, திருச்சியிலோ சென்னையிலோ செக்-இன் கவுண்டரிலேயே கதை முடிந்துவிடும். சரியான ஆவணம் இல்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கினால், அவரைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்குத்தான், பல நாடுகளில் அதற்கு மேல் அபராதமும் உண்டு. அதனால் கவுண்டரில் இருப்பவர் எந்த நாட்டுக்கு என்ன வேண்டும் என்பதை 'டிமாட்டிக்' என்ற பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறார். சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா நடத்துகிற பட்டியல் அது. அதில் ஆறு மாதம் என்று இருந்தால் உங்களுக்காக அவர் ஐந்தரை மாதமாக மாற்ற முடியாது, அவரிடம் சத்தம் போட்டும் பயனில்லை. ஆவணம் சரியாக வைத்திருப்பது பயணியின் பொறுப்பு என்று டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதியிருப்பதால், டிக்கெட் பணமும் பெரும்பாலும் போனதுதான். முந்தின நாள் போனிலேயே வெப் செக்-இன் ஆகிவிட்டது, போர்டிங் பாஸ் வந்துவிட்டது என்பதையும் நம்ப வேண்டாம், வெளிநாட்டுப் பயணத்தில் விமானம் ஏறும்முன் ஆவணத்தை ஒரு ஆள் பார்க்காமல் விடுவதில்லை. கையில் விசா இருக்கிறதே என்பதும் வாதமாகாது. விசா வேறு, பாஸ்போர்ட்டில் மிச்சமிருக்கும் காலம் வேறு.

எதற்கு இந்த ஆறு மாதம்? போன இடத்தில் உடம்பு சரியில்லாமல் படுத்துவிடலாம், விமானம் ரத்தாகலாம், ஆள் சொன்ன தேதியைத் தாண்டித் தங்கிவிடலாம். பாஸ்போர்ட் காலாவதியான ஒருவரைத் திருப்பி அனுப்புவது எந்த நாட்டுக்கும் தலைவலி. அதனால் முன்கூட்டியே கொஞ்சம் இடைவெளி கேட்கிறார்கள். நியாயம்தான்.

ஆனால் எல்லா நாடும் ஆறு மாதம் கேட்பதில்லை, குழப்பம் வருவதே அங்கேதான். ஜப்பான், பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குப் பொதுவாக நீங்கள் தங்கும் நாட்கள் முழுக்கப் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருந்தால் போதும். கனடாவும் அப்படித்தான், ஆனால் அவர்கள் தரும் விசா பாஸ்போர்ட்டின் முடிவுத் தேதியைத் தாண்டாது, ஆகவே ஒரு வருடமே மிச்சமிருக்கும் பாஸ்போர்ட்டில் விசாவுக்குப் போட்டால் பத்து வருட விசா கிடைக்கும் வாய்ப்பை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். தென்னாப்பிரிக்கா, நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு 30 நாள் மிச்சம் கேட்கிறது. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் இந்தியர்கள் வாக்காளர் அடையாள அட்டையை வைத்தே போகலாம்.

ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்கு மூன்று மாதம். இதை நுழையும் நாளிலிருந்து எண்ணக் கூடாது, அங்கிருந்து கிளம்பும் நாளிலிருந்து எண்ண வேண்டும். நம் நவம்பர் 14 பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொண்டால், ஆகஸ்ட் 30 அன்று பாரிஸிலிருந்து திரும்புகிறவருக்கு நவம்பர் 30 வரை வேண்டும், ஆகவே விசா விண்ணப்பத்திலேயே அடிபடும். விசா ஒட்டுவதற்கும் முத்திரைக்கும் குறைந்தது இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனை, பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டே பத்து வருடம்தான் என்பதால் நமக்கு இது பெரிய விஷயமில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். 2018 செப்டம்பர் வரை அங்கே, பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த காலத்தில் ஒன்பது மாதம் வரை புதியதில் சேர்த்துக் கொடுத்தார்கள். 2017 ஜூன் 10 அன்று வாங்கியதில் 2028 மார்ச் 10 என்று முடிவுத் தேதி போட்டிருக்கலாம், ஆனால் ஐரோப்பாவுக்குள் நுழைய 2027 ஜூன் 10 வந்ததுமே அது உதவாது. லண்டனிலிருந்து பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு ரயிலேறும் குடும்பங்கள் வழங்கிய தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கா தனிக் கதை. பொது விதி அங்கேயும் ஆறு மாதம்தான், ஆனால் விலக்குப் பெற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது, அதனால் நமக்குத் தங்கும் காலம் வரை செல்லுபடியானால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள் இதைக் கேட்டு அசட்டையாக இருந்துவிடக் கூடாது. விசாவும் வேலை அனுமதியும் இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும், பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் முடிகிறது என்றால், நுழையும்போது கொடுக்கும் ஐ-94 பதிவில் பாஸ்போர்ட் முடியும் தேதியையே தங்கும் கடைசித் தேதியாகப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. நீங்கள் அங்கே சட்டப்படி இருக்கலாமா என்பதை அந்த ஐ-94 தேதிதான் தீர்மானிக்கிறது. அதைக் கவனிக்காமல் புதுப் பாஸ்போர்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தால், தெரியாமலேயே காலம் தாண்டித் தங்கியவராக ஆகிவிடுவீர்கள். புதுப் பாஸ்போர்ட் வந்ததால் அந்தத் தேதி தானாக நீளாது, நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வெளியே போய் மறுபடி நுழைய வேண்டும். அதனால் ஊருக்கு வந்து திரும்புகிற ஒவ்வொரு முறையும் இறங்கியவுடன் ஐ-94-ஐ இணையத்தில் எடுத்துப் பாருங்கள். ஊரில் இருக்கும்போதே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு போவது இன்னும் உத்தமம்.

டிரான்சிட்டை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதே இல்லை. ஜப்பானுக்குப் பாஸ்போர்ட்டில் மிச்சமிருக்கும் காலம் போதும், சரி. ஆனால் மலிவாகக் கிடைத்ததென்று திருச்சி-கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்-ஒசாகா வேறொரு டிக்கெட் என்று எடுத்திருந்தால், பெட்டியை வாங்கி மறுபடி போடுவதற்கு இமிகிரேஷனைக் கடந்து வெளியே வர வேண்டியிருக்கும். அதாவது நீங்கள் மலேசியாவுக்குள் நுழைகிறீர்கள், அவர்களுடைய ஆறு மாதம் உங்களுக்கும் பொருந்தும். வழியில் இறங்கும் நாட்டையும் சேர்த்தே பாருங்கள்.

அப்புறம் குழந்தைகள். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து வருடம், சிறுவர்களுடையது பொதுவாக ஐந்து வருடம்தான் (அல்லது 18 வயது வரை, எது முதலில் வருகிறதோ அது). கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது, பள்ளியில் சேரும் வயதுக்குள் முடிந்துவிடும். அப்பா அம்மாவுடையதைப் பார்த்துவிட்டு நான்கு டிக்கெட்டையும் போட்டுவிடுவார்கள், கடைசியில் சின்னவனுடையது நான்கு மாதத்தில் முடிவது கிளம்பும் வாரத்தில் தெரியவரும். டிக்கெட் போடும்முன் வீட்டில் உள்ள எல்லாப் பாஸ்போர்ட்டையும் மேஜையில் விரித்து வைத்துப் பாருங்கள். அப்படியே காலிப் பக்கம் எத்தனை, ஓரம் கிழிந்திருக்கிறதா, தண்ணீர் பட்டு ஊறியிருக்கிறதா, குழந்தை பேனாவால் கிறுக்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், சேதமான பாஸ்போர்ட்டுக்கும் கவுண்டரில் மரியாதை கிடையாது.

சரி, புதுப்பிப்பது எப்படி? பழைய புத்தகத்தில் தேதியை நீட்டித் தர மாட்டார்கள், புது எண்ணோடு புதுப் புத்தகம் வரும், இதற்கு 'ரீஇஷ்யூ' என்று பெயர். முடிவதற்கு ஒரு வருடம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். மிச்சமிருக்கும் மாதங்கள் புதியதில் சேராது, அதனால் வீணாகிறதே என்று கடைசிவரை இழுப்பவர்கள் உண்டு. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், பத்து வருடத்துக்கு. அப்படியென்றால் நீங்கள் இழக்கும் ஒரு வருடத்தின் விலை 150 ரூபாய். அதைக் காப்பாற்றப் போய் கடைசி நேரத்தில் தட்கலுக்குக் கூடுதலாக 2,000 கட்டுவதில் என்ன லாபம்? அடிக்கடி பயணம் செய்பவர்கள் 2,000 ரூபாயில் 60 பக்கப் புத்தகமாகவே வாங்கிக்கொள்ளுங்கள், பக்கம் தீர்ந்துவிட்டாலும் ரீஇஷ்யூதான், கூடுதல் தாள் ஒட்டித் தரமாட்டார்கள்.

விண்ணப்பம் 'பாஸ்போர்ட் சேவா' என்ற அரசுத் தளத்தில் மட்டும். அதே சாயலில் பெயர் வைத்துக்கொண்டு பணம் பிடுங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன, தேடலில் முதலில் வருவதையெல்லாம் திறக்காதீர்கள். முகவரி மாறியிருந்தால் போலீஸ் விசாரணை வரும் என்று எதிர்பார்த்து அதற்கும் நாள் ஒதுக்குங்கள். பெயர்ப் பகுதியையும் இப்போதே கவனியுங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள்தான் நிறையத் தவித்தார்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதா என்று புதுப்பிக்கும்போதே வீட்டில் பேசி முடிவெடுங்கள், ஆனால் ஆதாரும் மற்ற சான்றுகளும் அதற்கு ஒத்துவர வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும்போதே பாஸ்போர்ட் முடியப் போகிறது என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் புதுப்பிக்கலாம். இந்தியக் குடிமகன் சொந்த நாட்டுக்குத் திரும்ப ஆறு மாதம் மிச்சம் தேவையில்லை. முழுக்கக் காலாவதியாகி, உடனே ஊருக்கு வந்தாக வேண்டுமென்றால் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும், அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும்.

புதுப் புத்தகம் கைக்கு வந்ததும், மூலை வெட்டி ரத்து முத்திரை குத்திய பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் அமெரிக்க விசா இன்னும் உயிரோடு இருந்தால் இரண்டு புத்தகத்தையும் சேர்த்து எடுத்துப் போகலாம், விசா ஸ்டிக்கரை உரித்துப் புதியதில் ஒட்டும் விபரீத வேலை மட்டும் வேண்டாம். இலங்கை, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் மின் அனுமதிகள் பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்தவை, பழைய எண்ணில் வாங்கியிருந்தால் புதிய எண்ணுக்கு மறுபடி வாங்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே போட்ட டிக்கெட்டிலும் புது எண்ணை மாற்றிவிடுங்கள்.