அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர்: வேலை கைநழுவும் இடங்கள்

நம் ஊர்க் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கபடி முதல் கால்பந்து வரை எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் கால்பந்துக்கு என்றே முழுநேரத் தலைமைப் பயிற்சியாளர், அவருக்குக் கீழே உதவிப் பயிற்சியாளர்கள், உடற்தகுதிப் பயிற்சியாளர், காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னர் என்று ஒரு சிறு அலுவலகமே இயங்குகிறது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் டைட்டில் 9 சட்டம் 1972 இல் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1982 இல், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தன் முதல் பெண்கள் கால்பந்துச் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. இன்று அதன் முதல் டிவிஷன் (மேல்மட்டப் பிரிவு) போட்டிக்கு 64 அணிகள் தேர்வாகின்றன.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆட்டம் நன்றாகவே தெரியும். 4-3-3 வியூகத்தில் ஆடலாமா, மூன்று பேர் தடுப்பு வைக்கலாமா என்பதில் வேலை போனவர்கள் குறைவு. ஆள் கணக்கிலும், நாள்காட்டியிலும், மூடிய அறைக்குள் பேசிய பேச்சிலும்தான் அது போகிறது.

பதவிக்கு அவசரப்படுவது

"தலைமை" என்ற சொல்லுக்காக எந்த வேலையையும் ஏற்பது முதல் தவறு. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. சம்பளம் வாங்கும் உதவிப் பயிற்சியாளர்கள் எத்தனை பேர்? ஸ்காலர்ஷிப் பணம் முழுமையாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா? புதிய வீராங்கனைகளைத் தேடி ஆள் பார்க்கப் போகும் பயணச் செலவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? இடையில் நீக்கினால் எத்தனை மாதச் சம்பளம் கிடைக்கும்? நாமே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? கடைசி இரண்டையும் நேர்முகத் தேர்வில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பின்னால் வக்கீலிடம் கேட்கிறார்கள்.

உதவிப் பயிற்சியாளராகக் கழியும் ஆண்டுகளை வீண் என்று நினைக்கத் தேவையில்லை. 2022 இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்று தந்த மார்கரீத் அவோசாசா, தலைமைப் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே அதைச் சாதித்தார். அதற்கு முன் 7 சீசன் ஸ்டான்ஃபோர்டில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் அவர்.

வந்ததும் பழைய அணியை ஒதுக்குவது

புதிதாக வருபவர் பழைய அணியை "என் ஆட்கள் இல்லை" என்று பார்க்கத் தொடங்கினால் முதல் மாதமே கசக்கும். அந்தப் பெண்கள் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர் போய்விட்டார். ஸ்காலர்ஷிப் என்னாகுமோ என்ற பயம் வேறு. முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொருவருடனும் தனியாக 20 நிமிடம் உட்கார வேண்டும். 28 பேர் என்றால் ஒன்பதரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் அணி தொடங்கிய 1995 முதல் 26 சீசன் நடத்திய பெக்கி பர்லி 2021 இல் விலகினார். அடுத்து வந்தவர் ஒரே சீசனில், 2022 ஏப்ரலில், நீக்கப்பட்டார். வீராங்கனைகளோடு அவருக்கு ஒட்டுதல் ஏற்படவில்லை என்பதே நிர்வாகம் சொன்ன காரணம்.

அதே போல, முதல் உதவியாளராகப் பழைய நண்பரையே கூட்டி வருவதும் நடக்கிறது. இருவருக்கும் ஒரே பலம் என்றால் ஒரே பலவீனமும் இருக்கும். கோல்கீப்பர் பயிற்சி தெரிந்த ஒருவர் கண்டிப்பாக வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் ஆண் என்றால் (இன்றும் பெரும்பாலான அணிகளில் அப்படித்தான்) முழுநேரப் பணியில் ஒரு பெண்ணாவது இல்லாமல் அணியை நடத்த நினைக்கக் கூடாது.

ஆள் கணக்கு

நெடுங்காலம் முதல் டிவிஷன் பெண்கள் கால்பந்து அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகைதான் உச்சவரம்பு. அதை 25, 30 பேருக்குத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். முழுச் செலவு 60,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 15,000 டாலர் பெறும் வீராங்கனை 0.25 ஆகக் கணக்கில் ஏறுவார். கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணியில் 28 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. இரண்டாம் டிவிஷனில் உச்சவரம்பு 9.9 ஸ்காலர்ஷிப், மூன்றாவதில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. எந்தக் கணக்குக்குள் இருக்கிறோம் என்று தெரியாமல் பெற்றோரிடம் தொகை பேசுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

28 என்பது ஆண்டுக்கு 7 பேர் என்று அழகாக வகுபடுகிறது. நடைமுறையில், ஒரு கோடையில் நல்ல ஆட்கள் கிடைத்தார்கள் என்று 11 பேரைச் சேர்த்துவிடுகிறார்கள். நான்காம் ஆண்டு அந்த 11 பேரும் சேர்ந்தே வெளியேறுவார்கள். முந்தைய இரண்டு ஆண்டும் சேர்க்க இடமில்லாததால் நடு வரிசை காலியாக இருக்கும். கோல்கீப்பர்களில் இது இன்னும் மோசம். மூன்று பேர் வேண்டும், ஆனால் ஒரே வகுப்பில் இருவர் இருக்கக் கூடாது. ஆட ஒரே இடம்தான் என்பதால் உட்கார்ந்திருப்பவர் இரண்டாம் ஆண்டே வேறு கல்லூரி தேடுவார். சுவரில் ஒரு பெரிய தாள் போதும்: மேலே நான்கு வகுப்புகள், பக்கத்தில் ஆடும் இடங்கள். ஒரு கட்டத்தில் பெயர் ஏறும்போதெல்லாம் மூன்று ஆண்டு தள்ளி அந்தக் கட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

வாய்மொழி வாக்குறுதி பழைய நோய். நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற சேர்க்கை ஒப்பந்தம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. இப்போது எழுத்தில் கொடுக்கும் நிதியுதவி ஒப்பந்தமே எல்லாம். கொடுத்த உதவியை அந்தக் காலவரையறைக்குள் ஆட்டம் சரியில்லை, காயம் பட்டுவிட்டது என்று குறைக்கவும் முடியாது.

ஆள் பார்ப்பதில்

பத்தாம் வகுப்பு முடித்த பின் வரும் ஜூன் 15 க்கு முன் மாணவியுடன் ஆள்சேர்ப்புப் பேச்சு கூடாது. பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 க்கு முன் கல்லூரிக்கு அழைத்துக் காட்டக் கூடாது. 13, 14 வயதுச் சிறுமிகளிடம் வாக்கு வாங்கும் வழக்கம் முற்றியதால் 2019 இல் இறுக்கப்பட்ட விதி இது. மாணவி ஆடும் உள்ளூர்க் கிளப்பின் பயிற்சியாளர் வழியாகச் "சும்மா விசாரித்தேன்" என்று சுற்றி வளைத்துப் பேசுவது புத்திசாலித்தனமாகத் தோன்றும். விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் அப்படிப் பார்க்காது.

மூன்று நிமிட ஹைலைட் வீடியோவில் எல்லாருமே நன்றாக ஆடுவார்கள். முழு ஆட்டம் பார்க்க வேண்டும். அதிலும் பந்தைப் பார்க்காமல் பெண்ணைப் பார்க்க வேண்டும். பந்தை இழந்த அடுத்த 5 விநாடியில் என்ன செய்கிறாள், சக வீராங்கனை தவறும்போது கையை விரித்து நிற்கிறாளா, வெளியே அழைக்கப்பட்டதும் பெஞ்சில் எப்படி உட்காருகிறாள் என்பவை வீடியோவில் வராது. மார்க் பட்டியலையும் முதலிலேயே கேட்க வேண்டும். முதல் டிவிஷனுக்கு 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றில் 4க்கு 2.3 கிரேடு சராசரி, அந்தப் பதினாறில் 10 பாடங்கள் பள்ளிக் கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரு ஆண்டு துரத்திய பிறகு இது இடித்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

கோடை முகாம் பல பயிற்சியாளர்களின் கூடுதல் வருமானம். வயது, வகுப்பு, எண்ணிக்கை, பாலினம் தவிர வேறு எதையும் வைத்து யாரையும் மறுக்காமல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. எடுக்கும் எண்ணமே இல்லாத பெண்ணுக்கு "உன்னைக் கவனித்து வருகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பி முகாம் கட்டணம் வாங்குவது விதியை மீறுகிறதோ இல்லையோ, சுற்று வட்டாரக் கிளப்புகளில் பெயரைக் கெடுக்கும். அந்த உலகம் சின்னது.

சேர்க்கைச் சலுகையை விற்பது வேறு ரகம். கால்பந்தே ஆடாத விண்ணப்பதாரரை லஞ்சம் வாங்கிக்கொண்டு தன் அணி வீராங்கனை என்று பரிந்துரைத்த யேல் பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் 2019 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2022 இல் அவருக்கு 5 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

வெற்றி நிறைய, வாய்ப்பு இல்லை

வீட்டு மைதானத்தில் பலவீனமான அணிகளை வரிசையாக அழைத்து வென்றுவிட்டு, நவம்பரில் 64 அணிகளின் பட்டியலில் பெயர் இல்லையே என்று விழிப்பவர்கள் உண்டு. தேர்வுக் குழு நெடுங்காலமாகப் பார்த்துவந்த ஆர்.பி.ஐ. என்ற தரமதிப்பீட்டுக் கணக்கில் நம் வெற்றி விகிதம் 25 சதவீதம்தான். எதிரணிகளின் வெற்றி விகிதம் 50, எதிரணிகளின் எதிரணிகள் 25. நம் விகிதம் 0.800, எதிரணிகள் 0.350, அவர்களின் எதிரணிகள் 0.450 என்றால் மதிப்பு 0.4875. நாம் 0.600 மட்டுமே வென்று, மற்ற இரண்டும் 0.600, 0.550 என்றால் 0.5875. குறைவாக வென்றவர் மேலே நிற்கிறார். தேர்வில் இந்த எண் மட்டுமே பேசுவதில்லை. ஆனாலும் அட்டவணை போடும்போது "யாரை வெல்லலாம்" என்பதைவிட "யார் தங்கள் ஆட்டங்களை வெல்வார்கள்" என்று கேட்பது பலன் தரும்.

20 மணி நேரமும் வியாழன்–ஞாயிறும்

சீசனில் அணி வேலைக்கு வாரத்துக்கு 20 மணி, ஒரு நாளைக்கு 4 மணிதான் உச்சவரம்பு; வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. வீடியோ பார்ப்பது, எடைப் பயிற்சி, அணிக் கூட்டம் எல்லாம் இதில் சேரும். பயணமும் காயச் சிகிச்சையும் சேராது. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி என்றே எழுதப்படும். திங்கள் ஓய்வு, செவ்வாய் மூன்றரை, புதன் இரண்டரை, வியாழன் ஆட்டம் 3, வெள்ளி ஒன்றரை, சனி ஒன்றரை, ஞாயிறு ஆட்டம் 3 என்றால் 15 தான் ஆகிறது. மீதி 5 மணியையும் நிரப்பியே தீர வேண்டும் என்று கை பரபரப்பதுதான் தவறு. "விருப்பமிருந்தால் வரலாம்" என்று சொல்லிவிட்டு, யார் வந்தார்கள் என்று பயிற்சியாளர் ஓரமாக நின்று பார்த்தால் அது விருப்பப் பயிற்சி ஆகாது. மணிக்கணக்கு மீறலில் பலர் சிக்குவது இங்கேதான்.

வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பதும் பரவலான பிழை. 90 நிமிடம் ஆடியவருக்கு லேசான ஓட்டமும் நீட்டல் பயிற்சியும் போதும். 10 நிமிடம் மட்டும் ஆடியவருக்குச் சிறு மைதானத்தில் நாலுக்கு நாலு போன்ற கடுமையான வேலை வேண்டும். அதைத் தவிர்த்தால் அக்டோபரில் மாற்று ஆட்களின் மூச்சு தாங்காது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அணி கூடும். முதல் ஆட்டத்துக்குச் சுமார் இரண்டு வாரமே இருக்கும். முதல் நாளே பீப் டெஸ்ட் என்ற கடுமையான ஓட்டச் சோதனை, மறுநாள் காலையும் மாலையும் பயிற்சி என்று ஆரம்பித்தால் தொடைத் தசைகள் அந்த வாரமே பதில் சொல்லும்.

முழங்காலின் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது, ஒரே மாதிரி விளையாட்டுகளில், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம்-அப் இது போன்ற காயங்களைத் தடுக்கவே வடிவமைக்கப்பட்டது: 8 நிமிட ஓட்டம், 10 நிமிடம் வலிமை, குதிப்பு, சமநிலை, பிறகு 2 நிமிட வேக ஓட்டம். வாரம் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன். எல்லா அணியும் ஆகஸ்டில் ஒழுங்காகச் செய்யும். செப்டம்பர் கடைசியில் "இன்று நேரமில்லை" என்று 8 நிமிட ஓட்டத்தை வைத்துக்கொண்டு நடுவில் உள்ள 10 நிமிடத்தை வெட்டுவார்கள். காப்பாற்றுவதே அந்தப் பத்துதான். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று ஒருவர் நின்று பார்க்காவிட்டால், செய்தும் பாதிப் பயன்தான்.

ஆட்ட நாளில் விதியை மறப்பதும் நடக்கிறது. என்.சி.ஏ.ஏ. பெண்கள் கால்பந்தில், சில காயச் சோதனை விதிவிலக்குகள் தவிர, முதல் பாதியில் வெளியேறியவர் அதே பாதியில் திரும்ப முடியாது; இரண்டாம் பாதியில் ஒரு முறை திரும்பலாம். முக்கிய வீராங்கனைக்கு 28 ஆம் நிமிடம் "ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்" என்று ஓய்வு கொடுத்தால் 17 நிமிடம் அவள் இல்லாமல் ஆட வேண்டியிருக்கும். கிளப் ஆட்டத்தில் இஷ்டம்போல மாற்றிப் பழகியவர்களுக்கு முதல் மாதம் இது சறுக்கும்.

வாயால் கெடுவது

எடை மெஷினைப் பயிற்சியாளர் தொடவே கூடாது. "கொஞ்சம் மெலிந்தால் வேகம் கூடும்" என்ற ஒரு வாக்கியம் போதும். ஒரு பெண் சாப்பாட்டைக் குறைப்பாள், மாதவிடாய் நிற்கும், எலும்பில் விரிசல் விழும். ஆற்றல் பற்றாக்குறையால் வரும் இந்தச் சங்கிலியைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 இல் ரெட்-எஸ் என்று பெயரிட்டு எச்சரித்தது. உணவு பற்றிப் பேச உணவியல் நிபுணர், மாதவிடாய் பற்றிக் கேட்க மருத்துவக் குழு. பயிற்சியாளர் செய்ய வேண்டியது அவர்களிடம் அனுப்பிவிட்டு ஒதுங்குவது.

கிண்டல் பேச்சும் அப்படியே. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆன்சன் டோரன்ஸ் 1979 முதல் 2024 வரை அணியை நடத்தி 21 என்.சி.ஏ.ஏ. பட்டங்கள் வென்றவர், பயிற்சியில் ஒவ்வொரு போட்டியையும் எண்ணிட்டுத் தரவரிசை போடும் அவரது முறையை நாடே பார்த்துக் கற்றது. அவர்மீதே, வீராங்கனைகளின் பாலியல் வாழ்க்கை பற்றிய அரட்டையை முன்வைத்து முன்னாள் வீராங்கனைகள் இருவர் 1998 இல் வழக்குத் தொடுத்தார்கள். துன்புறுத்தல் குற்றச்சாட்டை அவர் மறுத்தார். கடைசி வழக்கு 2008 இல் 3,85,000 டாலர் சமரசத்தில் முடிந்தபோது, அந்தப் பேச்சுகளில் தான் கலந்துகொண்டது தகாதது என்று மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டிவந்தது. பெண்கள் தாங்களே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாலும், அந்த இடத்தில் பயிற்சியாளர் இருந்தால் எழுந்து போவதுதான் வேலை.

சீசன் முடிந்ததும் தனித்தனியாக உட்கார்ந்து பேசும் சந்திப்பை "எல்லாரும் ஊருக்குப் போய் வரட்டும்" என்று ஜனவரிக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் விடுமுறைக்கு முன்பே திறந்துவிடும். கடைசி ஆட்டம் முடிந்த பத்து நாளுக்குள், அடுத்த ஆண்டு எந்த இடம், எத்தனை நிமிடம் எதிர்பார்க்கலாம், ஸ்காலர்ஷிப் தொகை என்ன என்ற மூன்றையும் தாளில் எழுதிக் கையில் கொடுத்துப் பேச வேண்டும். பெஞ்சிலேயே இருக்க நேரும் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அவளுக்கும் வேறு கல்லூரி தேட நேரம் கிடைக்கும்.